சாவு வீட்டில் ஊதிய மவுத்பீஸ்

தம்பி,

நேற்றுச் சாயங்காலம் கல்யாண வாட்ஸ்அப் குழுவில் நீ எழுதியது இரண்டே வார்த்தை. “சரி மாமா.” பின்னாலேயே ஒரு கும்பிடு பொம்மை. லிம் அங்கிள் இறந்துபோனதை நான்தான் அந்தக் குழுவில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை செகிஞ்சானில் எடுக்கிறார்கள் என்றும் எழுதினேன். உடனே உன் மாமனார், பரிசம் போட்ட மாப்பிள்ளை சாவு வீட்டுக்குப் போகக்கூடாது, போய் வாத்தியம் ஊதுவது அதைவிடக் கூடாது என்று பதில் போட்டார். நீ சரி என்றாய். பத்தாங் காலியில் இருக்கிற உன் சித்தி ‘நல்ல பிள்ளை’ என்று எழுதினாள். உன் அப்பா கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அவர் எதற்குத்தான் தூக்கவில்லை! தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து இதையெல்லாம் படித்த, உன்னைப் பெற்ற எனக்கு வந்த ஆத்திரத்தில், உனக்கு மனைவியாக வரப்போகிற தர்ஷினியின் பிளவுஸின் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். எல்லாவற்றையும் பிரித்து மறுபடியும் தைக்க வேண்டியதாயிற்று.

இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் அவர் சொன்னதும் நீ சரி என்றதும் ஊரறியக் குழுவில் நடந்தது. என் பதிலும் அங்கேயே கிடக்கட்டும். சம்பந்தி படிப்பார் என்று தெரியும். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, அதில் குறை வைக்க மாட்டேன். என் கோபம் முக்கால்வாசி உன் மேல்தான். அவருக்கு லிம் அங்கிளைத் தெரியாது. உனக்குத் தெரியும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். லிம் அங்கிள் செகிஞ்சானில் சீனர் சாவுகளுக்குப் பேண்டு வாசிக்கும் குழுவை நடத்தியவர். சவ லோரிக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நெல் வயலுக்கு நடுவே போகிற ரோட்டில் நடந்தபடி வாசிப்பார்கள். பெரிய டிரம் அவர் கையில். டிரம்பெட் ஊதுகிறவர்களும் தாளம் போடுகிறவர்களும் பாதிப் பேர் சீனர்கள், மீதிப் பேர் இந்தப் பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்து போகிற நம் பையன்கள். பள்ளிக்கூடப் பேண்டில் டெனர் சாக்ஸபோன் கற்றுக்கொண்டு, அதை எங்கே ஊதுவது என்று தெரியாமல் நீ முழித்துக்கொண்டிருந்தபோது உன்னைச் சேர்த்துக்கொண்ட குழு அதுதான். அதற்குப் பிறகுதான் கல்யாண மண்டபங்களில் பாட்டு வாசிக்கிற குழுவெல்லாம் உன்னைக் கூப்பிட ஆரம்பித்தது.

மண்டபக் குழுவில் சேர்ந்ததும் நீ செய்த முதல் காரியம் ஞாபகம் இருக்கிறதா? கீபோர்டு சத்தத்தில் உன் சத்தம் அமுங்கிப்போகிறது என்று ஒரு இரும்பு மவுத்பீஸ் வாங்கினாய். அதை மாட்டி வீட்டில் ஊதினால் பக்கத்து வீட்டு நாய் ஓடிப்போய் காருக்கு அடியில் படுத்துக்கொள்ளும். அதையே செகிஞ்சானுக்கும் எடுத்துக்கொண்டு போனாய். ஒரு கிழவி செத்த வீடு. ஊர்வலம் பாதி வழி போனதும் லிம் அங்கிள் டிரம் அடிப்பதை நிறுத்திவிட்டு உன்னிடம் வந்தாராம். அவர் அப்பா காலத்தில் எஸ்டேட் எஸ்டேட்டாக மீன் விற்ற குடும்பம், தமிழ் நன்றாகவே பேசுவார். “தம்பி, அங்க மக அழுதுகிட்டு வருது. நீ அதைவிடச் சத்தமா ஊதுற. யாரு செத்தது, உங்கம்மாவா அவங்கம்மாவா?” என்று கேட்டாராம். “ஜாங்ஙான் குவாட் சங்ஙாட் லா, இவ்ளோ சத்தம் வேணாம். அவங்க அழுறதுக்கு மேல நீ போகாதே.” வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, “அவருக்கு ம்யூசிக் தெரியாதும்மா” என்றாய். ஆனால் அடுத்த வாரமே வேறு மவுத்பீஸ் தேட ஆரம்பித்துவிட்டாய். 

இந்த வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறவர்களில் பாதிப் பேர் மவுத்பீஸ் என்றால் ஏதோ பேனா மூடி மாதிரி, எதைப் போட்டாலும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. அவ்வளவு பெரிய பித்தளை வாத்தியத்தில் உன் வாய் படுகிற இடம் அது ஒன்றுதான். ரீட் என்கிற அந்த மெல்லிய நாணல் தட்டையை அதன் மேல் வைத்துக் கட்டி, அதற்குள்தான் மூச்சை விடுகிறாய். மூச்சு சத்தமாக மாறுவது அங்கேதான். நுனியில் ரீட்டுக்கும் அதற்கும் இருக்கிற இடைவெளி கொஞ்சம் கூடினால் மூச்சு கூடுதலாக வேண்டும். உள்ளே மேடு உயரமாக இருந்தால் சத்தம் கூர்மையாகி வெளியே பாயும், உள்ளே இடம் தாராளமாக இருந்தால் குரல் தடித்து இறங்கி வரும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று சித்தி கேட்பாள். நான் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

கோலாலம்பூரில் எனக்குக் கண் பரிசோதனை இருந்த நாள் அது. கண்ணில் மருந்து விட்டுவிட்டார்கள். எதிரில் நிற்பது நீயா தூணா என்றுகூடத் தெரியாத நிலையில் என் கையைப் பிடித்து ஒரு மாடிக்கடைக்கு ஏற்றிக்கொண்டு போனாய். “ஒரு பத்து நிமிஷம்மா” என்றாய். உன் பத்து நிமிஷம் எனக்குத் தெரியாததா? கடையில் இருந்தது ஒரு மலாய்க்காரப் பெண். ஒரு தட்டு நிறைய மவுத்பீஸைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதன் பெயரையும் பார்க்காதே, எல்லாவற்றுக்கும் ஒரே ரீட்டைப் போடு, முதலில் மெதுவாக ஊது, சத்தமாக எல்லாரும் ஊதுவார்கள் என்றாள். எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போனது. நீ ஒவ்வொன்றாக மாட்டி ஊதினாய். ஒன்று லோரி ஹார்ன். ஒன்று சளி பிடித்தவன் பேச்சு. ஒன்று மேலே போகும்போது அருமையாக இருந்தது, கீழே இறங்கியதும் வாய் கொப்பளிக்கிற சத்தம். அப்புறம் ஒன்றை மாட்டினாய். ஆக அடியில் இருக்கிற சுரத்தை மெதுவாக ஊதினாய். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருக்கிறவர் நம்மிடம் பேசுகிற மாதிரி, காற்றோடு சேர்ந்து வந்தது அது. “இதுதான்” என்றேன். “உங்களுக்குக் கண்ணே தெரியலை, சும்மா இருங்கம்மா” என்றாய். அந்தப் பெண் சிரித்துவிட்டு, வரிசையைக் கலைத்து மறுபடியும் ஊதச் சொன்னாள். மறுபடியும் அது வந்ததும் நான் கையைத் தூக்கினேன். அப்போதுதான் சொன்னாய், அது கறுப்பு, கெட்டி ரப்பரில் செய்தது, பார்க்க ஒன்றுமே இல்லை என்று. எனக்குத்தான் எதுவுமே பார்க்க ஒன்றுமில்லையே அன்றைக்கு!

அதை வாங்கி வந்த நாளிலிருந்து நம் வீட்டில் சத்தம் மாறிப்போனது. நான் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறேன். ஊசியில் நூல் கோப்பது போலப் பாசாங்கு செய்துகொண்டு கேட்டிருக்கிறேன், நீ பார்த்தால் நிறுத்திவிடுவாய் என்று. ஈஜோக் பக்கம் ஓர் எஸ்டேட் லயத்தில் யாருமில்லாமல் தனியாக இருந்த ஒரு மனுஷர் இறந்துபோனாரே, அந்தச் சாவுக்கு நானும் வந்திருந்தேன். தூக்கிக்கொண்டு நடக்க ஆள் போதாமல் எஸ்டேட் கங்காணியான மண்டோர் வெளியில் போய் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நீதான் லிம் அங்கிளுக்குப் போன் போட்டாய், ஒன்றும் கேட்கவில்லை, சும்மா தகவல் சொன்னாய். அவர் தன் குழுவையே அழைத்துக்கொண்டு வந்து நின்றார். “நாலு பேரு நடந்தா அது ஊர்வலமா லா?” என்றார். சீனர் பேண்டு, தமிழ்ச் சாவு, செம்பனைக் காட்டுக்கு நடுவே மண் ரோடு. நீ அந்தக் கறுப்பு மவுத்பீஸில் மெதுவாக ஊதிக்கொண்டு போனாய். உறவென்று ஒருவரும் இல்லாத அந்த மனுஷருக்காக, லயத்துப் பெண்கள் வாசலுக்கு வந்து நின்று அழுதார்கள். நீ இரும்பு மவுத்பீஸை ஊதியிருந்தால் அவர்கள் வேடிக்கைதான் பார்த்திருப்பார்கள். நல்ல மவுத்பீஸ் எது என்று யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இப்போது உன் மாமனார் வாங்கிக் கொடுத்ததற்கு வருகிறேன். தங்க முலாம் பூசியது. கடைக்குப் போய், இருப்பதிலேயே உசத்தி எதுவோ அதைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினாராம். பாசத்தோடு வாங்கினார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மட்டமான பொருள் என்றும் சொல்லமாட்டேன். திறந்த மைதானத்தில் நின்று ஊதுகிறவன் ஒருவன் கையில் அது கிடைத்தால் கொண்டாடுவான். ஆனால் உனக்கா? போன வாரம் வீட்டுக்கு வந்து, ரிசப்ஷன் மேடையில் தர்ஷினிக்காக வாசிக்கப்போகிற பாட்டை அதில் ஊதிப் பார்த்தாய். மேலே பல் வழுக்குகிறது என்று ரப்பர் துண்டை ஒட்டினாய். ரீட்டை மாற்றினாய். சுருதி சேரவில்லை என்று வாத்தியத்தின் கழுத்தில் இருக்கிற கார்க்கில் உள்ளே தள்ளினாய், வெளியே இழுத்தாய். கீழ்ச் சுரம் வரும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் முகம் சுளித்தாய். உதட்டின் உள்பக்கம் பல் பதிந்து சிவந்திருந்ததை நான் பார்த்தேன். “பழகிடும்மா” என்றாய். இத்தனை வருஷமாக பிளவுஸ் தைக்கிறேன். அக்குளில் பிடிக்கிற பிளவுஸைப் பழகிவிடும் என்று சொல்லி எவளிடமாவது கொடுத்து அனுப்பியிருக்கிறேனா? வாடிக்கையாளரே விட்டாலும் நான் விட மாட்டேன்.

சரி, பொருந்தவில்லை, பரிசாக வந்ததைப் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொள், சொந்தத்தை ஊது என்று விட்டுவிடலாம். அதற்கும் வழியில்லை என்கிறார்கள். கறுப்பு மவுத்பீஸ் சாவு வீட்டில் ஊதியது, அது மணமேடைக்கு வரக்கூடாது, கல்யாணத்துக்கு முன்னால் ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்கிறார் சம்பந்தி. தோஷமாம். சித்தி, எச்சில் பட்டது வேறு என்று கூடச் சேர்ந்து பாடுகிறாள். எச்சில் படாமல் ஊதுகிற மவுத்பீஸ் ஒன்று இருந்தால் அவளே வாங்கி வரட்டும், நானும் பார்க்கிறேன்.

தோஷம் என்றால் என்ன என்று எனக்கும் தெரியும், நானும் இந்துக் குடும்பத்தில் பிறந்தவள்தான். செகிஞ்சானிலிருந்து நீ வரும் ஒவ்வொரு தடவையும் பின்பக்கக் குழாயடியில் வாளி வைத்தது யார்? தலைக்கு ஊற்றாமல் உன்னை உள்ளே விட்டிருக்கிறேனா? நீ குளித்தாய், பிறகு அந்த மவுத்பீஸையும் வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டு, சின்ன பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவித் துடைத்தாய். உனக்குப் போன தோஷம் அதற்கு மட்டும் போகாதா? சாவு வீட்டில் ஊதியது அந்த ரப்பர் துண்டு மட்டுமா? ஊதின வாய் உன்னுடையது. மூச்சு உன்னுடையது. இதே வாயால்தான் மேடையில் மந்திரம் சொல்லப்போகிறாய். மவுத்பீஸை ஆற்றில் விடச் சொல்கிறவர்கள் நுரையீரலை எங்கே விடச் சொல்வார்கள்? சீனர்கள்கூட இதில் நம்மைவிடக் கணக்காகப் பார்ப்பவர்கள். சாவு வேலை முடிந்ததும் உங்களுக்கெல்லாம் சிவப்பு நூலும் மிட்டாயும் கொடுத்து, வீடு போய்ச் சேருமுன் வாயில் போட்டுக்கொள் என்றுதானே அனுப்புவார்கள்? போவதற்கும் வழி வைத்திருக்கிறார்கள், திரும்பி வருவதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். நம்மிடமும் அந்த வழி இருக்கிறது. பந்தக்கால் நட்ட பிறகுதான் சாவு வீடு ஆகாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நம் வீட்டில் பந்தக்கால் அடுத்த வாரம்தான் நடுகிறோம். பரிசம் போட்டதிலிருந்தே ஆகாது என்பது சம்பந்தி தன் கையால் சேர்த்துக்கொண்டது.

இதைச் சொல்லி உன்னிடம் போனில் சண்டை போட்டேன். நீ என்ன சொன்னாய்? “மெய் லிங்கே வர வேண்டாம்னுட்டாங்கம்மா.” மெய் லிங் லிம் அங்கிளின் மகள், உனக்கு அக்கா மாதிரி. அவளுக்கு நானும் போன் பண்ணினேன். “ஆன்ட்டி, தம்பிக்குக் கல்யாணம், பந்தாங் இருக்கும், சாவுக்கு வரக்கூடாதுன்னு தெரியும், பரவாயில்லை லா. கீபோர்டு ஆள் ஒருத்தர் சொல்லியிருக்கோம்” என்றாள். பெரிய மனசு, அதனால் சொன்னாள். உனக்கு மறுப்புச் சொல்லும் சங்கடம் வேண்டாம் என்று தானே கதவைத் திறந்து வைத்தாள். நீ அந்தக் கதவு வழியாக ஓடிவிட்டாய்! நான் போனை வைக்கப் போகும்போது அவள் அழ ஆரம்பித்தாள். “எங்கப்பா கடைசியா ஆஸ்பத்திரியில இருக்கும்போது, டெனர் பையன் கல்யாணத்துக்கு என்ன சட்டை போடுறதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு ஆன்ட்டி” என்றாள். 

அந்த மனுஷர் எப்படிப்பட்டவர் என்று உனக்கே ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது, அதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. உன் பரிசத்துக்கு ஈஜோக் மண்டபத்துக்கு வந்தார் அல்லவா? வந்தவர் உள்ளே வரவில்லை. மனைவி கையில் மொய்ப் பணம் வைத்த சிவப்பு அங்பாவைக் கொடுத்து அனுப்பிவிட்டு, வெயிலில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். நான் போய்க் கதவைத் தட்டினேன். “நான் சாவுக்கு வாசிக்கிற ஆளு. நல்ல காரியத்துல உள்ள வரக்கூடாது. பையனுக்கு ஆகாது” என்றார். நீ கேட்டுச் சொல்லவில்லை, நான் கேட்டுச் சொல்லவில்லை, உனக்காகத் தானே ஒதுங்கி நின்றார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, முதல் பந்தியில் உட்கார வைத்து, இலை போட்டுப் பரிமாறினேன். யார் அந்தச் சீனர் என்று உன் மாமனார் உன்னிடம் கேட்டார். தெரிந்தவர் என்று சொன்னாயாம்! தெரிந்தவர்! அன்றைக்கே உன் காதைத் திருகியிருக்க வேண்டும்.

சண்டையின் கடைசியில் இன்னொன்று சொன்னாய். “சரி, போறேன்னே வச்சுக்குங்க. எதுல ஊதுறது? அந்தக் கறுப்பைத்தான் நீங்க ஆத்துல விட்டுட்டீங்களே.” அதைச் சொல்லும்போது உன் குரல் உடைந்தது. அதைக் கேட்ட பிறகுதான் உன் மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

மாமா ஆற்றில் விடச் சொன்ன அன்று நீ அதை டிஷ்யூவில் சுற்றி என் கையில் வைத்து, பாசிர் பெனம்பாங்குக்கு மீன் வாங்கப் போகும்போது ஆற்றில் விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நீ தங்கியிருக்கிற ரவாங்குக்குக் காரை எடுத்தாய். நானும் கொண்டுபோனேன். படகுத் துறையில் நின்று பார்த்தேன். சிலாங்கூர் ஆறு கலங்கலாகக் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது, போட்டுவிட்டால் அந்த நிமிஷமே காணாமல் போய்விடும். எனக்குக் கை வரவில்லை. அன்றைக்கு வாங்கிய இறாலோடு அதுவும் கூடையில் ஏறி வீட்டுக்குத் திரும்பி வந்தது. நீ கேட்டபோது ‘ஆயிற்று’ என்றேன். மீன் வாங்கியாயிற்று என்பதைத்தான் சொன்னேன் என்று வைத்துக்கொள். இப்போது கழுவித் துடைத்து என் ஊசிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் எழுதுவதற்கு முன்னால் தர்ஷினியிடமும் பேசினேன். உன் மாமனாரின் மகள் என்றுகூடப் பார்க்கவில்லை, எனக்கு மருமகளாக வரப்போகிறவள், அவள் மனசு தெரியாமல் எழுதக்கூடாது என்று தோன்றியது. எந்த மவுத்பீஸ் உனக்குப் பிடிக்கும் என்று கேட்டேன். “ஆன்ட்டி, எனக்கு கோல்டோ பிளாக்கோ தெரியாது லா. நீங்களும் அப்பாவும் ஃபைட் பண்ணுங்க, என்னை விடுங்க” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவளாகவே சொன்னாள். “ஆனா அவரு சண்டே போகலைன்னா எனக்கு ஒரு மாதிரியா இருக்கும் ஆன்ட்டி. எங்கப்பா ஒரு வார்த்தை சொன்னாருன்னு லிம் அங்கிளையே விட்டுட்டாரு. நாளைக்கு வேற யாராவது ஒரு வார்த்தை சொன்னா என்னை விட மாட்டாருன்னு எப்படி நம்புறது?”

நீ இதைப் படித்துவிட்டு அவளிடம் போய்ச் சண்டை போடாதே. அவள் சொல்லிவிட்டாள் என்பதற்காக உடனே அவள் பக்கம் சாய்ந்து ‘சரி தர்ஷி’ என்று இன்னொரு கும்பிடு பொம்மையும் போடாதே. அதுவும் இதே வியாதிதான். கல்யாணம் என்றால் விட்டுக்கொடுக்க எவ்வளவோ இருக்கிறது. மண்டபத்தை அவர்கள் இஷ்டத்துக்கு ரவாங்கில் வைத்தோம். சாப்பாட்டை அவர்கள் சொன்னபடி மாற்றினோம். என் பக்கத்து ஆட்களை எந்த மேசையில் உட்கார வைப்பது என்பதில்கூட நான் வாயைத் திறக்கவில்லை. இன்னும் நூறு விஷயத்துக்கு மாமா சொல்கிறபடி கேள், நான் குறுக்கே வரமாட்டேன். நானும் உன் அப்பாவும் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியது ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துத்தான். ஆனால் அவர் தனக்குப் பிடிக்காத ஒன்றையும் எனக்காக வேஷம் கட்டிப் பிடித்த மாதிரி நடித்ததில்லை, நானும் நடித்ததில்லை. நீ அந்தத் தங்கத்தை மேடையில் முகம் சுளிக்காமல் ஊதி, எல்லாரும் கை தட்டி, மாமா பெருமையாகப் போட்டோ எடுத்துக்கொண்டு, அந்தச் சத்தம் உன்னுடையதே இல்லை என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்து, அப்படி ஒரு கல்யாணத்தில் நான் முன் வரிசையில் சிரித்துக்கொண்டு உட்கார வேண்டுமா? முடியாது தம்பி. அதைவிட நீ ஒன்றுமே ஊதாமல் தாலி கட்டிவிட்டு இறங்கிப் போகலாம்.

இனி நான் என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லவில்லை என்று யாரும் பேசக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் செகிஞ்சானுக்குப் போகிறேன். மாப்பிள்ளையின் அம்மா சாவு வீட்டில் நிற்பது யாருக்காவது குறை என்றால், அவர்கள் கல்யாணத்தில் என் கையால் வெற்றிலை பாக்கு வாங்காமல் போகட்டும். திரும்பி வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு மறுபடியும் தர்ஷினியின் பிளவுஸைத் தைப்பேன். உன் அப்பாவும் வருகிறார். இதை அவருக்குப் படித்துக் காட்டினேன், இந்தத் தடவை விரலைத் தூக்கவில்லை, காருக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

மவுத்பீஸை என்னோடு கொண்டுவருகிறேன். டெனர் உன் காரில்தான் கிடக்கிறது, ரீட்டும் உன்னிடம். நீ வந்தால் உன் கையில் தருகிறேன். அவருக்குப் பின்னால் நடந்து மெதுவாக ஊது, அவர் சொன்ன மாதிரி, மெய் லிங்கின் அழுகைக்கு மேலே போகாமல். பிறகு வீட்டுக்கு வா, பின்பக்கம் வாளி வைத்திருப்பேன். ரிசப்ஷனிலும் அதையே ஊது. சம்பந்தியிடம் நான் பேசிக்கொள்கிறேன், அவர் கெட்டவர் இல்லை, கேட்டால் கேட்பார்.

நீ வரவில்லை என்றால், அதை ஆற்றில் விடமாட்டேன். இறந்தவர் விரும்பின சாமான்களைப் பெட்டிக்குள் வைத்து அனுப்புவது அவர்கள் வழக்கம் என்று மெய் லிங் சொன்னாள். அம்மாதிரி இதையும் வைக்கலாமா என்று கேட்டேன், தாராளமாக என்றாள். பெட்டியை மூடுவதற்கு முன்னால் அவர் கை பக்கத்தில் வைத்துவிடுவேன். அந்தச் சத்தம் வேண்டும் என்று முதலில் கேட்டவர் அவர்தான், அவரோடே போகட்டும். அதற்குப் பிறகு நீ எதை வேண்டுமானாலும் ஊதிக்கொள், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

என் கையால் அப்படிச் செய்ய எனக்குத் துளியும் மனசில்லை. ஒன்பது மணிக்குப் பெட்டியை மூடுகிறார்கள். அதற்குள் வந்துவிடு.